ஏறி வருகிறவருக்கு வழி

ஐந்து மணிக்குள் இரண்டு கையெழுத்து வேண்டும். இப்போதே மணி நாலு பத்து. சமீஹா சுவர்க் கடிகாரத்தை முறைத்து முறைத்துப் பார்த்தாள். கடிகாரமா பயப்படும்? அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கொடைக்கானல் பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய வாசகசாலை இருக்கிறது. அதன் மாடி அறையில் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் வார்கேம் நடக்கிறது. பெரிய மேசையில் மலையும் காடும் செய்து வைத்து, விரல் உயரப் படைவீரர்களை டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. பார்ப்பவர்களுக்கு அது பொம்மைச் சண்டை. ஆறு நாளும் சாக்லேட் கடையில் கால்கடுக்க நிற்கிற சமீஹாவுக்கு அந்த ஒரு மத்தியானம்தான் வாரம் முழுவதையும் தள்ள வைக்கிறது. வாசகசாலைச் செயலாளர் விசாலாட்சி கறாராகச் சொல்லிவிட்டார்.

"நாலே பேருக்கு ஒரு ரூம விட முடியாதும்மா. ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குள்ள ரெஜிஸ்டர்ல ஆறு பேரு இருக்கணும். இல்லேன்னா யோகா கிளாஸுக்குக் குடுத்துருவேன்."

ஆறென்ன, பதினாறு பேர் சேர்ந்திருக்க வேண்டியது. வந்தவர்களை எல்லாம் விரட்டியது சமீஹாவின் வாய். ஒருவர் தப்பாக நகர்த்தினால் அவளுக்குப் பொறுக்காது. "அங்க வைக்காதீங்க, இங்க வைங்க, இப்ப உருட்டுங்க" என்று ஆரம்பித்து, கடைசியில் இரண்டு பக்கமும் அவளே ஆடி முடிப்பாள். கற்றுக்கொள்ள வந்தவர் கையைக் கட்டி வேடிக்கை பார்த்துவிட்டு, வீட்டில் சோலி கிடக்கிறது என்று கிளம்பிவிடுவார். இது ஊருக்கே தெரியும். அவளுக்குப் போன வாரம்தான் உறைத்தது.

இன்று வந்திருந்தவர்கள் மயில்சாமியும் அவர் மனைவி கண்மணியும். பெருமாள்மலைக்காரர்கள். அவர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், அந்த அம்மாள் பழக்கடை வைத்திருக்கிறார். வேன் ஆட்களை அவர் சாக்லேட் கடைக்குக் கூட்டி வருகிற பழக்கத்தில் சமீஹா கெஞ்சிக் கேட்டு வரவழைத்திருந்தாள். "ஒரு ஆட்டம் ஆடிப் பாப்போம். புடிச்சாத்தான் கையெழுத்து" என்று மயில்சாமி படியேறும்போதே சொல்லிவிட்டார்.

மேசையில் நின்ற மலை சமீஹா மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது. உச்சியில் கோட்டை, அதற்கு வளைந்து வளைந்து ஏறும் ஒரே ஒரு பாதை. கோட்டையும் மூன்று நீலக் குதிரை வீரர்களும் மயில்சாமிக்கு. கீழிருந்து ஏறும் சிவப்புப் படை கண்மணிக்கு. ஆறு சுற்றுக்குள் கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் கண்மணிக்கு வெற்றி. ஆனால் அவர் படையின் வாலில் சாப்பாடும் வெடிமருந்தும் சுமந்து இரண்டு கழுதைகள் வரும். அவற்றைப் பிடித்துவிட்டால் ஆட்டம் மயில்சாமிக்கு.

"இது அடுக்கம் ரோடுல்ல?" என்றார் மயில்சாமி, வளைவுகளை விரலால் தடவிக்கொண்டே.

"ஆமாண்ணே, அதப் பாத்துத்தான் செஞ்சேன்." சமீஹாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த வேகத்தில் வாயும் திறந்துகொண்டது. "கோட்டையிலயே நிக்காதீங்க. குதிரைய எறக்குங்க. பாதி வழியில மறிங்க. இல்ல, அந்த வளைவு வேணாம், இந்த வளைவு..."

மயில்சாமி நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, முன்சீட்டுல உக்காந்து வருவான் பாரு ஒருத்தன். அடிவாரத்துக் காக்காத்தோப்புல இருந்து ஊரு வரைக்கும் 'பிரேக்கப் புடிங்க, பிரேக்கப் புடிங்க'ன்னே வருவான். அப்ப எனக்கு என்னா தோணும் தெரியுமா? ஸ்டியரிங்க அவன் கைல குடுத்துட்டு எறங்கிப் போயிரலாம்னு தோணும்."

சமீஹாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இனி வாயைத் திறப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். மணி நாலு இருபத்தைந்து.

நாலாவது சுற்றில் குதிரைகள் இறங்கி வந்தன. மூன்றாவது வளைவில் கண்மணியின் ஈட்டிப்படை நேருக்கு நேர் வந்து நின்றது. மேலேயிருந்து இறங்கும் குதிரைக்கு ஒரு பகடை கூடுதல். மோதினால் சிவப்புப் படை சிதறும். மயில்சாமி டேப்பை எடுத்தார், அளந்தார், மூன்று குதிரைகளையும் பாதையை விட்டு ஓரத்துச் சோலைக்குள் ஒதுக்கி நிறுத்தினார்.

"ம், போ" என்றார் மனைவியிடம்.

"ஏண்ணே ஒதுங்கிட்டீங்க?" என்றான் பழனிக்குமார். ஞாயிறுதோறும் ஆட வருகிற நாலு பேரில் ஒருவன், வங்கியில் குமாஸ்தா.

"ஏத்தத்துல வர்ற வண்டிக்கு எறங்குறவன்தானே வழி விடணும்?"

பழனிக்குமார் குபீரென்று சிரித்துவிட்டான். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மயில்சாமியின் முகம் கறுத்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மப்ளரை எடுத்தார். முப்பது வருடமாக மலையில் வண்டி ஓட்டுகிற மனிதரை, பெண்டாட்டி முன்னால் வைத்துச் சிரித்தால் எப்படி இருக்கும்? சமீஹா குறுக்கே வந்தாள்.

"பழனி, கீழ போயி டீ சொல்லு. வெரசா போ" என்று அதட்டினாள். பிறகு மயில்சாமியிடம் திரும்பினாள். "அண்ணே, உக்காருங்க. இந்த மலைய நான் செஞ்சேன். இந்த ரோட்டுல ஏறுறவங்களுக்குத்தான் வழி. நீங்க செஞ்சது சரி."

அவர் நின்றபடியே யோசித்தார். கண்மணி தன் ஈட்டிப்படையை அளந்து மேலே நகர்த்தினார். அதற்கு மேல் மயில்சாமிக்கு உட்காராமல் இருக்க முடியவில்லை.

ஐந்தாவது சுற்றில்தான் சமீஹாவுக்குச் சோதனை வந்தது. சிவப்புப் படை வளைவைத் தாண்டி மேலே போய்விட்டது. வாலில் கழுதைகள் இரண்டும் தனியாக, காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாமல், சோலைக்கு இரண்டு அங்குலத்தில் நின்றன. சோலைக்குள் மூன்று குதிரைகள். பகடைகூட வேண்டாம். கையை நீட்டி நகர்த்தினால் ஆட்டம் முடிந்தது.

'அண்ணே, கழுத!' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் மேசையைப் பார்த்தார், கழுதைகளைப் பார்த்தார், அவளையும் ஒரு பார்வை பார்த்தார். மணி நாலு ஐம்பது. சொல்லாமல் விட்டால் அவர் தோற்பார். தோற்றவர் கையெழுத்துப் போடுவாரா? சொன்னால் ஜெயிப்பார். ஆனால் ஜெயித்தது அவராக இருக்காது. சமீஹா இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"இந்தச் சுத்து நான் நகத்தல" என்றார் மயில்சாமி.

ஆறாவது சுற்றில் கண்மணி கோட்டைக்குள் நுழைந்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. விசாலாட்சி ரெஜிஸ்டரை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார். கண்மணி யாரும் கேட்பதற்கு முன்பே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து. மயில்சாமி மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படியை நோக்கி நடந்தார். சமீஹா கூப்பிடவில்லை.

படியருகே அவர் திரும்பினார். "கழுத தனியா வந்ததப் பாத்தேன் தங்கச்சி."

"பாத்தீங்களா? அப்புறம் ஏண்ணே புடிக்கல?"

"வழி விட்டுட்டுப் பின்னாடியே போயி இடிக்கிறதா? அப்புறம் எவன் நம்மள நம்பி மலையேறுவான்?" அவர் திரும்பி வந்து பேனாவுக்குக் கை நீட்டினார். "உன் வாயி துடிச்சதையும் பாத்தேன். ஆனா பிரேக்கப் புடின்னு நீ சொல்லல."

நிதானமாகப் பெயரை எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார். பிறகு கண்மணியைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் நான் கீழ இருந்து ஏறுறேன். நீ எறங்கி வா. வழி விடுறியான்னு பாக்குறேன்."