இல்லாத கையின் பிடி

கம்சாயினியின் வேலைக்கு மூலதனம் ஒரே ஒரு சொல்தான்: 'எனக்கும்.' குடியேறிய நாட்டில், எல்லர்ஸ்லி என்ற புறநகரில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மேலாளர் முதல் தொலைபேசி எடுப்பவர் வரை எல்லோரும் உடலில் ஏதோ ஒன்றை இழந்தவர்கள். புதிதாக இழந்தவர்களுக்குத் துணை நிற்பதுதான் தொழில். தங்களில் மூன்று பேரைக் கூட்டினால்தான் முழுசாக ஓர் ஆள் தேறும் என்று தங்களையே கேலி செய்துகொள்வார்கள். அங்கே ஒரே சட்டம்: தனக்கு நடக்காததற்கு 'எனக்கும்' என்று சொல்லக்கூடாது, நடந்ததை மறைக்கவும் கூடாது.

அந்தச் சட்டத்தை ஆறு வாரமாக அவள் மீறிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன் பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம் அவளுடைய இடக்கையை முழங்கைக்குக் கீழே வாங்கிக்கொண்டது. இல்லாத கை அரிப்பதும் வலிப்பதும் அவளுக்குப் பழகிய சங்கதி. ஆனால் ஆறு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கை சட்டென்று எதையோ எட்டிப் பிடித்தது. கனமான ஏதோ ஒன்று. பிடித்தது விடவேயில்லை. தோள் வரை கடுத்தது. வெளியே சொன்னால் வேலைக்கு ஆகமாட்டாள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வாரம் கழிந்த ஒரு மத்தியானம், மாசி என்ற புறநகரில் இருந்த ராம்பிரசாத்தின் வீட்டுக்குத் துணைப் பணிக்காகப் போனாள். பென்ரோஸில் ஒரு கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். அவன் மனைவி ஸ்ருதி தேநீரை வைத்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க. செயற்கைக் கால் வேணாங்கிறார். இப்படியே இருந்தா ஊருக்கே திரும்ப வேண்டியதுதான்" என்றவள், காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள்.

அவள் கதவைச் சாத்தியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சிரிக்கக் கூடாது. இல்லாமப் போன காலை யாரோ பிடிச்சிட்டிருக்காங்க. செயற்கைக் காலை மாட்டினா விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"எப்ப இருந்து?"

"அடிபட்ட அதே நிமிஷத்துலேர்ந்து. ஆறு வாரம் ஆச்சு. செவ்வாய்க்கிழமை காலையில."

கம்சாயினி எடுத்த தேநீரைத் திரும்பக் கீழே வைத்தாள். "பிடிச்சிருக்கிறது கை எண்டு எப்பிடித் தெரியும்?"

"நடுவிரல்ல மோதிரம் இருக்கு. கல்லு உள்பக்கம் திரும்பியிருக்கு. கணுக்கால்ல அழுத்துது."

பேக்கரி நாட்களில், அடுப்புக்குள் தட்டைத் தள்ளும்போது உரசாமல் இருக்க, மோதிரக் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிடுவது கம்சாயினியின் வழக்கம். அந்த மோதிரம் கையோடு போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதே இல்லை.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பயத்தைவிடப் பெரிதாக ஓர் ஆசையும் வந்தது: விட்டுவிட்டால் வலி போய்விடுமே. கண்ணை மூடி, இல்லாத சுண்டுவிரலைத் தளர்த்திப் பார்த்தாள். ஆறு வாரத்தில் முதல்முறையாக அது அசைந்தது.

ராம்பிரசாத் சோபாவை இறுகப் பற்றினான்.

அடுத்த விரலும் தளர்ந்தது. என்ன சுகம்!

"அக்கா, அது விடுது." அவன் முகம் வெளிறிவிட்டது. "கீழே ஒண்ணுமே இல்லக்கா. ரொம்ப ஆழம். காலோட நானும் போயிடுவேன்."

அவள் விரல்களை மறுபடி இறுக்கினாள். வலி தோளில் ஏறிக் கழுத்தைக் கவ்வியது. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீரானது.

"பிடிச்சிட்டாங்க" என்றான்.

கம்சாயினிக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. வெறுமையான சட்டைக்கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் காலைப் போடுங்கோ. அந்தக் கை விடாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மோதிரத்தில இருக்கிறது நீலக் கல்லு. அது என்ர கை."

அவன் அந்தச் சட்டைக்கையைப் பார்த்தான். வெளியே ஸ்ருதி கிளிப்புகளைக் கூடைக்குள் போடும் சத்தம் கேட்டது.

"வலிக்கலையா அக்கா?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நோகுது" என்றாள். "நீங்கள் காலைப் போடுங்கோ."