பரீட்சை நடுவில் ஒரு பொட்டு

கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் நான்கு வருடம் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்த்தவள் பிரதீபா. மகள் மௌனிகா பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, கணவனின் ஊரான எருத்தேன்பதியில் வீட்டோடு இருந்துவிட்டாள். இப்போது வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ எல்லாம் தாண்டியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று, கிளவுட் கம்ப்யூட்டிங் பரீட்சை எழுதி வாங்க வேண்டிய சர்டிபிகேட். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது கைக்கு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. வேலை தெரியுமா என்று துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் காகிதம் கேட்கிறவர்களை என்ன சொல்வது!

அவள் கணவன் ரமேஷ்குமாரும் அதைத்தான் கேட்டான். "வேல தெரிஞ்சவளுக்கு என்னத்துக்குப் பரீட்ச? பேசாம தோப்பப் பாத்துக்கிட்டு ஊட்டுல இருந்தா ஆகாதா?"

பதில் சொன்னது அவன் அம்மா சின்னத்தாயி. "டிராக்டர் நல்லா ஓட்டுவேன்னு சொன்னா போலீசுக்காரன் உட்டுருவானா? லைசன்ஸ் கேக்க மாட்டான்? அவ பாஸ் பண்ணுவா, வேலைக்கும் போவா. புள்ளைய நாம் பாத்துக்கறேன்."

மருமகளுக்காக மகனோடு மல்லுக்கு நிற்கிற மாமியார் ஊரில் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? பிரதீபாவுக்கு வாய்த்திருந்தார். அந்தத் தைரியத்தில்தான் சமையல் முடித்து, குழந்தையைத் தூங்க வைத்து, மாதக்கணக்கில் படித்தாள்.

கோயமுத்தூர் பரீட்சை மையத்தில் அந்த வாரம் இடம் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். கேமராவில் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்கிருந்தோ ஒருவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்; வேறு தலை தெரிந்தாலும் குரல் கேட்டாலும் பரீட்சை போயிற்று.

"அத்தை, யாரும் உள்ள வரக் கூடாதுங்க. பேச்சுச் சத்தமும் கேக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சரியாக விழாது. அத்தை காவல் இருக்கும்போது தாழ்ப்பாள் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

சத்தம் ஆகாது என்ற மட்டில் சின்னத்தாயி குறை வைக்கவில்லை. டிவியை அணைத்தாள், மகனையும் பேத்தியையும் தோப்புக்கு விரட்டினாள், குக்கரைக்கூட வைக்கவில்லை. உள்ளே பிரதீபா பாதிக் கேள்விகளைத் தாண்டியிருந்தாள். எல்லாம் அவள் கையால் செய்து பழகிய வேலைகள். பாஸ் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது வாசலில் கார் நின்றது. வந்தவர் பொங்கியண்ணன், இவர்களுடைய பங்காளி. வாய்க்கால் தகராறில் ஏழு வருடமாக இரண்டு குடும்பத்துக்கும் பேச்சில்லை. மகள் கல்யாணத்துக்கு அழைக்க, தட்டும் குங்குமச் சிமிழுமாக, மனைவி மாராத்தாளோடு அவராகவே படியேறி வந்துவிட்டார். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் பொட்டு வைத்துக் கூப்பிட வேண்டும். மருமகளை விட்டுவிட்டுப் போனால் அவளை ஒதுக்கியதாக அர்த்தம்.

கதவுக்கு வெளியே குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது. அத்தையின் குரல்தான். "பரீட்ச எழுதறா மாராத்தா. வாய மட்டும் தொறந்துராத. பொட்ட வச்சுட்டுச் சத்தமில்லாம வந்துரு."

'வராதீங்க' என்று கத்தலாம். கத்தினாலும் பரீட்சை போயிற்று. பிரதீபா கையை மட்டும் பின்னால் நீட்டி வேண்டாம் என்று ஆட்டினாள். மாராத்தாள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். பூனை மாதிரி வந்து, வாயை இறுக்க மூடிச் சிரித்தபடி, கேமராவுக்கு நேராகக் குனிந்து அவள் நெற்றியில் பொட்டு வைத்தாள். அறை வாசலில் நின்ற சின்னத்தாயியின் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

கதவு மூடிக்கொண்டது. திரையில் கேள்விகள் மறைந்தன. அறைக்குள் வேறொருவர் வந்ததால் தேர்வு ரத்து என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது.

கம்பெனியின் எச்.ஆர். பத்மப்ரியாவுக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொல்லும்போதே அழுகை முட்டியது.

"நீங்க அப்பீல் பண்ணலாம் பிரதீபா, ஆனா பதில் வர நாளாகும். கிளையண்ட் இன்னைக்கே பேரு கேக்கறாங்க. இன்னொருத்தர் இருக்கார். இன்டர்வியூல சுமார்தான், ஆனா சர்டிபிகேட் இருக்கு. உங்களுக்கு வேலை தெரியும்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா அங்க எடுபடாது. ஸாரி."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொங்கியண்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தோப்பிலிருந்து திரும்பிய ரமேஷ்குமார் பழைய பகையெல்லாம் மறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சு கண்ணு? பாஸ்தான?" என்றாள் சின்னத்தாயி.

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தத் தம்பதி தட்டோடு கூனிக்குறுகிப் போவார்கள். கதவைத் திறந்துவிட்ட அத்தை ஆயுசுக்கும் அதை நினைத்தே உருகுவாள். அத்தையை அப்படிப் பார்க்க பிரதீபாவுக்கு மனசு வரவில்லை.

"ஃபெயிலுங்கத்தை."

சின்னத்தாயி விருந்தாளிகளைக் கார் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். பிறகு மருமகளின் தலையைத் தடவினாள். அந்தக் கையில் கோபம் துளியும் இல்லை.

"போவட்டும் உடு சாமி. ஊட்டுல இருந்ததுல எல்லாம் மறந்து போச்சாட்ட இருக்குது. உனக்குத் தெரியும்னு நெனச்சு நாந்தான் உன்னப் படாதபாடு படுத்திப்போட்டேன்." மகன் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதுதான் செரி தம்பி. இனி வேல வேலன்னு யாரும் அவளப் போட்டு உசுர எடுக்க வேண்டாம். ஊட்டுலயே இருக்கட்டும்."

அந்த வீட்டில் அவளுக்காகப் பேசியது அந்த ஒரு வாய்தான்.

"செரிங்கத்தை" என்றாள் பிரதீபா.