விருந்துக்கு மறுநாள்

நிச்சயதார்த்த விருந்தில் வேலப்பன் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் விடிந்தபோது அவனால் கைகால்களை அசைக்க முடியவில்லை. பேச்சு மட்டும் இருந்தது.

பதினாறு வயதிலிருந்தே இது உண்டு. வருஷத்துக்கு நாலைந்து தடவை வரும், சாயங்காலத்துக்குள் தானாக விட்டுவிடும். அப்பா மாரியப்பனுக்கும் இப்படி வந்ததுண்டு. முகத்துவாரக்குப்பத்தில் இதைக் காத்து கருப்பு என்றார்கள். அவனோடு கட்டுமரம் ஏறவே சிலர் பயந்தார்கள்.

பெண்ணின் தாய் கெங்கம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணாலம் வேணாம்" என்றாள். அவள் மகள் ராஜாத்தி நகரவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம். டாக்டரு இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினு அப்பால முடிவு பண்ணலாம்."

வலையை மூங்கிலில் தூளி போலக் கட்டி, நாலு பேர் அவனை எண்ணூர் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்து ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரி. மாரியப்பனும் ராஜாத்தியும் கூடவே போனார்கள்.

லேடி டாக்டர் தேவப்பிரியம் அவன் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. முந்தின நாள் என்ன சாப்பிட்டான், வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்று விசாரித்தார். பிறகு பொட்டாசியம் உப்பைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டச் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் கால்விரல்கள் அசைந்தன. ராஜாத்தி அவற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் வேலப்பன் எழுந்து உட்கார்ந்தான்.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அபூர்வமான பரம்பரை நோய். ரத்தத்தில் இந்த உப்பு இறங்கினால் தசை வேலை செய்யாது" என்ற டாக்டர், மாரியப்பனிடம் திரும்பினார். "உங்களுக்குக் கடைசியாக எப்போது வந்தது?"

"சப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியாச்சே, அந்த வருசம்." மாரியப்பன் விரல்விட்டு எண்ணினார். "அப்பால வரவே இல்லம்மா."

பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரே அதைக் கவனித்திருக்கவில்லை.

"பெரும்பாலும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டினால் தணிந்துவிடும். அதுவரை வயிறு முட்டச் சோறு கூடாது, மருந்து கையில் இருக்கவேண்டும்."

"புள்ளைங்களுக்கு வருமா?" என்றாள் ராஜாத்தி.

"வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் இவனைப் போல எழுந்து உட்காருவார்கள்."

"அப்ப சரி" என்றாள்.

கெங்கம்மாவையும் ஒருநாள் அழைத்துப்போய் டாக்டர் வாயாலேயே கேட்கவைத்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. வேலப்பன் சோற்றை ஒரு பிடியோடு நிறுத்திக்கொண்டு மீனாகத் தின்றான்.

மறுநாள் காலை அவன் குடிசை வாசலில் குப்பமே கூடி நின்றது. கதவைத் திறந்து, சோம்பல் முறித்தபடி வேலப்பன் நடந்து வந்தான். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"இன்னா, எல்லாரும் இங்க கீறீங்க? யாருனா செத்துட்டாங்களா?"

முதலில் சிரித்தவள் கெங்கம்மாதான்.