புற்றுக்குப் பட்டினி போட்ட கெரிம்பெக்

நாரின் ஊரில் டிராலி பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஜிபார், ஹார்ன் அடித்ததே கிடையாது. ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவாள். சாலை காலியாகிவிடும், மலைக்கு அந்தப்பக்கம் சீனாவில் ஆடு மேய்க்கிறவன்கூட ஒதுங்கி நிற்பான். அப்பேர்ப்பட்டவளைக் குடலில் வந்த புற்று உருக்கியதில், சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"ஜிபார் அக்கா, இன்னும் எடை குறைஞ்சா அடுத்த மருந்து ஏத்த முடியாது," என்றார் டாக்டர் பெர்மெத்.

"புத்து சர்க்கரையைத்தானே தின்னுது? ஃபோன்ல போட்டிருக்கான்," என்றார் கணவர் கெரிம்பெக்.

"தின்னுது, ஊதாரித்தனமா. தோல்பையில குதிரைப்பால் புளிச்சு குமிஸ் ஆகுதே, அப்படிப் பாதி புளிக்க வச்சு அமிலமா வெளிய தள்ளும். அதை மறுபடி சர்க்கரையாக்கியே கல்லீரல் களைச்சுப்போகும். புத்து சர்க்கரையை எரிக்கிற அந்த அடுப்பை அணைக்க மருந்து தேடுறாங்க. சில புத்துக்குக் கிடைச்சுமிருக்கு, இவங்களோடதுக்கு இன்னும் இல்ல. நீங்க பட்டினி போட்டா இவங்க தசைதான் கரையும். கறி, முட்டை, ரொட்டி, எல்லாம் குடுங்க."

கெரிம்பெக்கின் காதில் விழுந்தது ஒரே சொல்: குமிஸ். வீட்டுக்கு வந்ததும் குமிஸ் பையைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார். ரொட்டி, தேன், ஜாம், வெண்ணெய் எல்லாம் பெட்டிக்குள் போயின. சாவி அவர் கழுத்தில்.

"யோவ் கிழவா, அந்த டாக்டர் பொண்ணு சாப்பிடச் சொல்லிச்சு!"

"புளிக்குதுன்னு சொல்லல? ரொட்டியும் புளிச்ச மாவுதானே? அதுக்கு நான் தீனி போடமாட்டேன். செத்தாலும் போடமாட்டேன்."

"செத்தாலும்னா யாரு, நானா?"

அவர் கண் கலங்கியது. சாவியை மட்டும் விடவில்லை.

அவித்த முட்டைகோஸை வெறுத்துப்போன ஒரு மத்தியானம், ஜிபார் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டு சைரகானைக் கையோடு இழுத்துவந்து தன் வீட்டுக் கதவையே தட்டினாள்.

"யாரு?"

"வழிப்போக்கர்ங்க. இந்தப் பக்கமா வந்தோம்."

வாசலுக்கு வந்தவரை ஒரு விள்ளல் ரொட்டியாவது வாயில் வைக்காமல் அந்த ஊரில் யாரும் அனுப்பமாட்டார்கள். கெரிம்பெக் இன்னும் ஒரு படி மேலே. ஒருமுறை ஆட்டுத் திருடனை இரண்டு மலை தாண்டித் துரத்திப் பிடித்து, வீட்டுக்குக் கூட்டிவந்து ரொட்டி கொடுத்துவிட்டுத்தான் போலீசைக் கூப்பிட்டார்.

"ஜிபார், விளையாடாத."

"எந்த ஜிபார்? அவளைப் பட்டினி போட்டே முடிச்சிட்டதா கேள்வி," என்று பழைய பஸ் குரலை எடுத்தாள். "வா சைரகான், இந்த வீட்டுல ரொட்டி கிடையாதாம்! தெரு பூரா சொல்லிட்டே போவோம்!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. நாய்கள் மரியாதையாக உட்கார்ந்தன. கெரிம்பெக்கின் காது மிளகாயாய்ச் சிவந்தது.

"நில்லுங்க... ஒரு விள்ளல் வாயில வச்சிட்டுப் போங்க."

பெட்டி திறந்தது. சைரகான் முறைப்படி ஒரு விள்ளல் எடுத்தாள். ஜிபார் முழு ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது வளந்துடுமோன்னு பயமா இருக்குடி," என்றார் கெரிம்பெக் மெல்ல.

"அதுக்கும் பசிக்குது, எனக்கும் பசிக்குது. யாரு ஜெயிக்கிறான்னு பாத்துடுவோம். வெண்ணெயைத் தள்ளு."

அன்றிலிருந்து பெட்டிக்குப் பூட்டில்லை.

மருத்துவமனையில் அவள் எடை மேடையில் ஏறியபோது முள் ஆனந்தமாகத் துள்ளியது. டாக்டர் குனிந்து பார்த்தார்; கெரிம்பெக்கின் பூட்ஸ் கால் மேடையின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

"காலை எடுய்யா!" ஜிபார் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்ற நோயாளிகள் ஓரமாக ஒதுங்கினார்கள். "என் எடை எனக்குப் போதும்!"

அவர் காலை எடுத்தார். முள் இறங்கியது, நடுங்கியது, நின்றது.

"மருந்து ஏத்தலாம்," என்றார் டாக்டர்.

ஜிபார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.