அவரே சொல்லட்டும்

சுடலைமுத்துவுக்குத் திக்குவாய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஜூஜுவாடிக்கு அருகே ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசும் சூப்பர்வைசர் மாதேஸ்வரன், முந்தின நாள் உற்பத்திக் கணக்கைச் சொல்ல தினமும் அவனைத்தான் அழைப்பார். அவன் திணறுவான். அவர் அப்படியே திக்கிக் காட்டுவார். முப்பது பேரும் சிரிப்பார்கள்.

ஏழு மாதம் பொறுத்தான். பிறகு ராஜினாமாக் கடிதத்தோடு எச்.ஆர். அறைக்குப் போனான்.

அங்கிருந்த அதிகாரி ஸ்வாதி படித்துப் பார்த்தாள். "குடும்பக் காரணம்னு போட்டிருக்கீங்க. நிஜமாவா?"

இல்லையென்று தலையாட்டினான். அவள் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினாள்.

"நடந்ததப் புகாரா எழுதுங்க. இங்க குறைதீர் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா அது ஒரு தடவகூடக் கூடல. நான் கூட்டுறேன்."

சொன்னபடி ஒன்பதாம் நாள் கூட்டினாள். உற்பத்தி மேலாளரும் இன்னும் இருவரும் வந்திருந்தார்கள். தொழிலாளர் தரப்பில் முனிராஜ். உத்தனப்பள்ளிக்காரர், சுடலைமுத்துவுக்குப் பக்கத்து மெஷின்.

சுடலைமுத்துவின் முதல் சொல்லுக்கே அரை நிமிடமாயிற்று. மேலாளர் பொறுமையிழந்து, "அதாவது கிண்டல் பண்ணாரு, அதானே?" என்றார்.

"இருங்க சார்," என்றார் முனிராஜ். "அவரே சொல்லட்டும்."

அதற்குப்பின் யாரும் குறுக்கிடவில்லை. நாற்பது நிமிடம் பேசினான். ஸ்வாதி அவன் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினாள். பெற்ற தாய்கூடப் பாசத்தில் அவன் வாக்கியத்தைப் பிடுங்கி முடித்துவிடுவாள். கடைசிச் சொல் வரை காத்திருந்தவர்களை அன்றுதான் பார்த்தான். வெளியே வந்து முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதான்.

மாதேஸ்வரனுக்கு எழுத்துமூல எச்சரிக்கை தந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். போகுமுன் அதே முப்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். சுடலைமுத்துவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஸ்வாதியிடம் நன்றி சொல்லிவிட்டு, கேன்டீனில் இரண்டு டீ வாங்கி முனிராஜ் எதிரே போய் உட்கார்ந்தான்.

"உ... உங்களாலதான்ணே."

முனிராஜ் டீயைத் தொடவில்லை. "நானும்தான் சிரிச்சேன் தம்பி. ஏழு மாசமும்."

சுடலைமுத்துவுக்கு அது தெரியும். எல்லோருக்கும் எதிரே நின்றவன் அவன். யார் யார் சிரித்தார்கள் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

"டீ ஆ... ஆறுதுண்ணே," என்று டம்ளரை அவர் பக்கம் தள்ளினான்.