வாரும், இரும்

குசினியிலிருந்து புகை எழுந்ததும் முற்றத்தில் ஒப்பாரி அறுந்தது.

மச்சாள் முறைக்காரி நல்லம்மா ஓடி வந்தாள். யோகம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து காய்ந்த பாளையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எடியே, உனக்கு விசரே? கொண்ணன் கூடத்திலை கிடக்கிறார். பிரேதம் எடுக்க முன்னம் அடுப்பு மூட்டிறதே?"

"தெரியும் மச்சாள். விருந்தாளி ஒருத்தர் வாறார். தேத்தண்ணி வைக்கிறன்."

"செத்த வீட்டுக்கு ஆரடி விருந்தாளி?"

யோகம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். தில்லைநாதனின் கார் கடற்பாதைத் தாம்போதியைத் தாண்டிவிட்டதென்று சைக்கிளில் வந்த ஒருவர் சற்று முன்தான் சொல்லியிருந்தார்.

கூடத்தில் கிடந்த சரவணமுத்து, ஒரு தலைமுறைக் காலம் தீவுப்பகுதியின் எம்.பி.யாகக் கொழும்புக்குப் போய்வந்தவர். போகும்போது தங்கை யோகம்மா கட்டிக்கொடுத்த புட்டு. அங்கேயும் வேட்டி, சால்வை, திருநீறு. அரசாங்கம் பள்ளிக்கூடங்களைத் தன் கைக்கு எடுத்தபோது எதிர்த்தார். கோயில் வழமையை மாற்றக் கேட்டவர்களையும் எதிர்த்தார். "இருக்கிறதை இடிக்க முன்னம் ஒருக்கா யோசியுங்கோ" என்பதே வாழ்நாள் முழுக்க அவர் பேசிய பேச்சு. சரியோ பிழையோ, சொன்ன சொல் மாறினதில்லை.

தில்லைநாதன் தூரத்துச் சொந்தம். இந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்து, அண்ணையின் பெட்டி தூக்கி அரசியல் பழகியவன். எழுபத்தேழுத் தேர்தலில் கட்சி அண்ணையை விலக்கி அவனை நிறுத்தியது. அதையாவது பொறுக்கலாம். சந்தைக் கூட்டத்தில் மேடையேறி, "பெரியவர் பாராளுமன்றத்திலை நல்லா நித்திரை கொண்டவர். இனி வீட்டிலை கொள்ளட்டும்" என்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் அண்ணை சால்வையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தே இருந்தார்.

அந்தச் சிரிப்பு ஒன்பது வருடமாக யோகம்மாவின் காதில் ஓயவில்லை. எண்பத்து மூன்றில் அவனுடைய எம்.பி. பதவியும் பறிபோனது என்று கேட்டபோதும் ஓயவில்லை.

ஆனால் அண்ணை மறந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம், மூச்சு இழுக்கிற இழுவைக்குள் சொன்னார்: "தில்லை வருவான். அவன் போடவும் ஒரு பிடி வாய்க்கரிசி எடுத்து வை, பிள்ளை."

யோகம்மா தலையாட்டினாள். அந்தப் பிடி அரிசி காலையிலிருந்து அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

கார் வந்து நின்றது. தில்லைநாதன் படலையடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஒரு கையில் மாலை. மறு கையில் மடித்த கட்சிக் கொடி. தலை நரைத்திருந்தது.

சாவீட்டில் யாரும் யாரையும் வாவென்று சொல்வதில்லை. வருகிறவர்கள் வந்து அழுவார்கள். போகிறவர்கள் சொல்லாமல் போவார்கள். யோகம்மா முற்றத்தில் இறங்கி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"வாரும், தில்லைநாதன். இரும்."

பிரேதத்துக்குச் சுண்ணம் இடித்த உலக்கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா..."

"வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறீர். அந்தக் கதிரையிலை இரும். அண்ணையின்ரைதான். அவர் இருந்த இடத்திலை இருக்கிறது உமக்குப் பழக்கம்தானே."

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார். இன்னொருவர் இருமி மறைத்தார்.

"அக்கா, நான் அவற்ரை முகத்தை ஒருக்கா..."

"முதல் தேத்தண்ணியைக் குடியும். விருந்தாளியை வெறும் வாயோடை விட்ட பழக்கம் இந்த வீட்டிலை இல்லை."

தில்லைநாதன் கதிரையில் இருந்தான். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, அத்தனை கண்களுக்கும் முன்னால், அடிவரை குடித்தான்.

பெண்கள் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். பிறகு ஆண்கள். யோகம்மா கைகளைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். அவள் கூப்பிடாத பெயரை வேறு யாரும் கூப்பிடத் துணியவில்லை. கொடி அவன் மடியிலேயே கிடந்தது.

பாடை எழும்பியது. அவனும் எழுந்தான். யோகம்மா வாசற்படியில் காத்து நின்றாள். விருந்தாளி 'போயிட்டு வாறன்' என்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லையும் சனம் கேட்கட்டும்.

அவன் அவளைப் பார்த்தான். தலை குனிந்தான். ஒன்றும் சொல்லாமல், உரித்துக்காரர்களைப் போலவே, பாடைக்குப் பின்னால் வெறுங்காலுடன் நடந்தான்.

வீடு கழுவியானது. யோகம்மா கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்தாள். பிறகுதான் நினைவு வந்து முந்தானையை முன்னால் இழுத்தாள். அரிசியோடு நனைந்த முடிச்சு நகத்துக்கு இசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அது இன்னும் இறுகியது.