பன்னிரண்டாவது வட்டம்

பன்னிரண்டாவது வட்டத்துக்கு மட்டும் ஒரு கோடுகூட விழவில்லை. கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள் பானுப்பிரியா. ஒரு கூட்டத்தின் நெருக்கத்தை எண்ணால் அளப்பதுதான் எம்.எஸ்சி கடைசி ஆண்டு ப்ராஜெக்ட். வெளியே அலைவானேன் என்று திருமுல்லைவாயிலில் தன் தெருவையே எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கேள்வி: யார் வீட்டில் போய் உட்கார்ந்து பேசுவீர்கள்? வீட்டுக்கு ஒரு வட்டம், போய்வரும் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கோடு. அறுபத்தாறு கோடுகளுக்கு இடமிருந்த படத்தில் நாற்பது விழுந்தன. கெட்டியான தெரு என்று சார் பாராட்டினார். அந்தக் கெட்டியான தெருவில் ஒதுங்கிக் கிடந்த ஒற்றை வட்டம், அவள் அம்மா வேம்புலியம்மாள்.

அந்த வீட்டில் யார் உட்கார முடியும்? ஆவடி தையல்கடைக்கு ஹூக் கட்டிக் கொடுக்கும் ஜாக்கெட்டுகள் கட்டில், நாற்காலி, டிவி என்று எல்லாவற்றின் மேலும் கிடக்கும். அம்மா வாசற்படி தாண்டுவதே அபூர்வம். அப்பாவும் இறந்துவிட்டார். இந்த லட்சணத்தில் பானுவுக்குப் புனேவில் வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு கோடுகூட இல்லாத அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? வரவில்லை என்று மெயில் எழுதி வைத்துவிட்டாள்.

அனுப்பும் முன் அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. ரயிலைப் பிடித்து, இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் வந்தால், பூட்டிய வீட்டு வாசலில் கூட்டம்.

"விஜியக்கா, அம்மாவுக்கு இன்னாச்சு?"

"அவங்களுக்கு இன்னா, கல்லு மாரி கீறாங்க. ரேசன் கடைக்கு ரேகை வெக்கப் போயிகீறாங்க. போனு உள்ள அடிச்சிகினே கீது," என்றாள் எதிர்வீட்டு விஜி. தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட் முடித்து வந்த களைப்பு குரலில் தெரிந்தது. "நாங்கதான் ஊட்டுக்குப் போவ முடியாம நிக்கிறோம்."

"உங்க வீட்டுக்குப் போக எங்கம்மா எதுக்குக்கா?"

"சாவி அவங்க கையிலதானே கீது!"

"எங்களுதும் அங்கதான் பாப்பா," என்றார் ஆட்டோ ஓட்டும் துலுக்கானம். "எப்பவும் ஊட்ல கீறது அவங்க ஒருத்தர்தானே."

அதற்குள் அம்மா பையோடு வந்து கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அதில் கொத்தாகச் சாவிகள். எந்தச் சாவி யாருடையது என்று பார்க்காமலே எடுத்து நீட்டினாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பானு, அந்த ஆணியைக் காலியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"ஏம்மா, அன்னிக்கு கேட்டப்போ இதைச் சொல்லல?"

"யார் ஊட்ல குந்தி பேசுவேன்னு கேட்ட. நான் எங்க போயி குந்துறேன்?"

பானுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது. கேள்வியை மாற்றி ப்ராஜெக்டை முதலிலிருந்து செய்ய வேண்டும், செய்துகொள்ளலாம். போனை எடுத்து அந்த மெயிலை அழித்தாள்.

"புனே போவட்டாம்மா?"

"போ. சாவிய தொலைச்சிகினு வந்து நிக்காதே."

பானு பைக்குள் துழாவித் தன் வீட்டுச் சாவியை எடுத்தாள். ஷிப்ட் முடிந்து வராத இரண்டு வீட்டாரின் சாவிகள் இன்னும் ஆணியில் இருந்தன. அவற்றோடு மாட்டியதும் அது லேசாக ஆடி, அவற்றில் இடித்து நின்றது.